வண்டியில் ஏறுமுன் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று நேரில் பார்த்து வரத்தான் அம்மாவை ரயிலேற்றுகிறேன். இந்தக் கடிதத்தை அவள் உன் கையில் கொடுக்கும்போது நீங்கள் இருவரும் ஸ்டேஷனுக்கு வெளியே, நீ வாங்கியிருக்கும் அந்தப் பழைய இறக்குமதி வண்டியின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பீர்கள். வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று கைப்பைக்குள் போடாதே. நின்ற இடத்திலேயே படி. படித்து முடிக்கும்வரை அம்மாவை வண்டியில் ஏற்றாதே.

போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் நாம் இரண்டு பேரும்தான். நீ வண்டியின் போட்டோக்களை அனுப்பிய அன்று நான் எடுத்த எடுப்பில் "இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுக்குப் பெயிண்ட் அடிச்சு உன் தலையில கட்டிட்டான்" என்றேன், நீ "நான் எது செஞ்சாலும் உங்களுக்கு ஓட்டைதான்ப்பா" என்று வைத்துவிட்டாய், அதற்கப்புறம் என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை, அம்மா போனிலிருந்து பேசினாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய், அனுப்பிய செய்தியையெல்லாம் நீ பிரிக்கக்கூட இல்லை. உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா என்னைக் கேட்கிறாள், நான் சுவரைப் பார்க்கிறேன். கடைசியில் அவள்தான் "எழுதிக் குடுங்க, எழுத்துல கத்த முடியாதுல்ல" என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாதாம். சரி என்று தலையாட்டினேன். அவள் உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள், நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி, இல்லையென்றால் அப்பா மறுபடி வேலை வேலை என்கிறார் என்பாய். மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு மாற்றியாகிவிட்டது. உன் அறையில் இப்போது மாமா தூங்குகிறார், குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, வேலை கிடைக்கும்வரைதான் என்கிறார், வேலை அவரைத் தேடி வந்து கதவைத் தட்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறும்போது மட்டும். உன்னிடம் சொல்லமாட்டாள், பையை அவள் கையில் விடாதே. ஒர்க்ஷாப்பில் வண்டிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மேசையில் உன் போட்டோ இருக்கிறதல்லவா, ஒரு புது வாடிக்கையாளர் அதைப் பார்த்து "தங்கச்சியா சார்" என்றார். இருபது வயதில் அப்பனானவனுக்கு இது ஒரு தொல்லை. எங்கள் மேஸ்திரி முந்திக்கொண்டு "மகள்தான், ரெண்டு பேருக்கும் வாய் ஒரே நீளம், வேணும்னா அளந்து பாருங்க" என்றார்.

இனி விஷயம். உன் வண்டியின் எஞ்சின் நன்றாக இருக்கிறது. இதை நான் சொன்னேன் என்று வேண்டுமானால் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள். விற்றவன் எதிரில் நீ நீளமான திருப்புளியை எஞ்சின் மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டாய் என்றும், அவன் வாயைப் பிளந்து "யாரும்மா உனக்கு இதெல்லாம் சொன்னது" என்றான் என்றும் அம்மா பெருமையாகச் சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் நம் வீட்டு ஆட்களுக்கு என்றே ஒரு கோளாறு உண்டு, எஞ்சின் ஒழுங்காகப் பாடினால் வண்டி முழுவதையும் நம்பிவிடுவோம். நீ திருப்புளியை எடுத்ததுமே அவனுக்குப் புரிந்திருக்கும், இந்தப் பெண் பானட்டுக்கு உள்ளேதான் பார்க்கும், இருக்கைப் பக்கம் பார்க்காது என்று.

பானட்டுக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்று போட்டோவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டியின் அடிப்பாகம் புத்தம் புதுக் கறுப்பாக மின்னுகிறது. பனி பெய்கிற தேசத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அங்கே ஓடிய வண்டியின் அடி துருப்பிடித்துத்தான் இருக்கும், அதன் மேல் கறுப்பை அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, திருப்புளிக் கைப்பிடியால் தட்டினால் தகரம் பொத்தென்று சொல்லிவிடும். ஓடிய தூரம் கொஞ்சம் என்று மீட்டர் காட்டுகிறது, பிரேக் மிதியின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து கிடக்கிறது, இரண்டில் ஒன்று பொய், ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. முன் கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரை மற்றக் கண்ணாடிகளில் இருக்கும் முத்திரை இல்லை, அதாவது அந்தக் கண்ணாடி எப்போதோ உடைந்து மாற்றியிருக்கிறார்கள். சாவி போட்டதும் வண்டி ஏதோ பாஷையில் வணக்கம் சொல்கிறது என்று பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பிக் குதித்தாயே, அதையும் விசாரித்தேன். எதிர்வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர், அந்தப் பாஷை தெரியும், கேட்டுவிட்டுச் சிரித்தார். அது வணக்கம் இல்லையாம், சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்று கண்டிக்கிறதாம். தினமும் காலையில் திட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாய், நான் திட்டினால்தான் உனக்கு ஆகாது.

இவையெல்லாம் பழைய வண்டியில் சகஜம், செலவோடு போகும், இதற்காக நான் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒர்க்ஷாப்புக்கு ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். உன்னுடையதைப் போலவே இறக்குமதி, அதே வயது. பாலத்துச் சுவரில் மோதியது, மோதல் பெரிதில்லை, ரேடியேட்டரைத் தாண்டி எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டியவர் உயிரோடு இல்லை. ஏர்பேக் ஏன் வெடித்து விரியவில்லை என்று பார்க்கச் சொன்னார்கள், ஸ்டியரிங் நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஏர்பேக் இல்லை. ஒரு பழைய குளியல் துண்டை மடித்து, மூடி ஆடாமல் இருக்க அடைத்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி பார்த்துவிட்டுப் போய்க் கை கழுவினார், கையில் அழுக்கே இல்லை. மறுநாள் இறந்தவரின் வீட்டம்மா வண்டிக்குள் இருந்த சாமான்களை எடுத்துப்போக வந்தார், கண்ணாடிக் கூடு, ஒரு குடை, ஒற்றைச் செருப்பு. எடுத்துக்கொண்டு என்னிடம் "எச்சரிக்கை விளக்கு எதுவுமே எரியலையே சார், அவர் தினமும் பார்ப்பாரே" என்றார். அந்தம்மா சொன்னது நிஜம். ஏர்பேக் இல்லாவிட்டால் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்து காட்டிக்கொடுக்க வேண்டும். அது காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்த விளக்கின் ஒயரை எடுத்து பேட்டரி விளக்கோடு சேர்த்து முடிந்திருந்தார்கள். எஞ்சின் உயிர்பெற்றதும் பேட்டரி விளக்கு அணையும், கூடவே இதுவும் அணையும். பார்ப்பவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும்.

நேற்று அம்மா பெட்டி அடுக்க ஆரம்பித்தபோது நீ அவளுக்கு அனுப்பிய வீடியோவைக் காட்டினாள், வண்டியை நீ முதல்முதலாகக் கிளப்பும் வீடியோ. நீ சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்து, மீட்டரைக் கேமராவுக்குக் காட்டுகிறாய். விளக்குகள் எல்லாம் எரிகின்றன. பிறகு எஞ்சினைக் கிளப்புகிறாய், "பாரும்மா, எல்லாம் ஒண்ணா அணைஞ்சுடுச்சு, எவ்வளவு சமத்து" என்கிறாய். அம்மாவும் சமத்துதான் என்றாள். நான் அவள் கையிலிருந்து போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏர்பேக் விளக்கு எஞ்சினுக்காகக் காத்திருக்கக் கூடாது பாப்பா. சாவி திருப்பியதும் எரிந்து, தன்னைத் தானே சோதித்து, எஞ்சின் கிளம்பாமலேயே சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். உன் வண்டியில் அது காத்திருந்தது. வீடியோ சின்னது, வெளிச்சம் போதாது, என் கண் பிசகியிருக்கலாம், பிசகியிருக்க வேண்டும் என்றுதான் விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். டாஷ்போர்டு மேல் அவன் இலவசமாக விரித்துக் கொடுத்த ரோமத் துணி இருக்கிறதே, அது பக்கத்து இருக்கையின் ஏர்பேக் மூடிக்கு நேர் மேலே இருக்கிறது. அந்த இருக்கையில்தான் அம்மா உட்காரப்போகிறாள். "எம் பொண்ணு வாங்குன வண்டியில முன்னாடிதான் உக்காருவேன்" என்று மாமாவிடம் நாலு தரம் சொல்லியாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அம்மா வெளியே பெஞ்சில் உட்காரட்டும். நீ மட்டும் ஏறி, சாவியை விளக்குகள் எரியும் அளவுக்குத் திருப்பு, எஞ்சினைக் கிளப்பாதே. ஓர் ஆள் உட்கார்ந்திருக்க அவன் முன்னால் ஓர் உருண்டை போட்ட படம், அதுதான் ஏர்பேக் விளக்கு. நிதானமாகப் பத்து வரை எண்ணு, உன் அவசரத்துக்கு இருபதே எண்ணு. அது தானாக அணைந்தால் உன் அப்பா ஒரு மடையன், போன் போட்டுச் சிரி, எடுக்கிறேன். அணையாமல் நின்றாலோ, எரியவே இல்லை என்றாலோ, அந்த ரோமத் துணியைத் தூக்கிப் பார். கீழே மூடியின் விளிம்பில் பசையோ வெட்டோ தெரிந்தாலும் கை வைக்காதே, குத்திப் பார்க்காதே, தெரு எலக்ட்ரீஷியன் எவனையும் ஒயரைத் தொட விடாதே, பாதி உயிருள்ள ஏர்பேக் கைபட்டாலே வெடிக்கும், வெறும் இடத்தைவிட மோசம். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடு. வண்டி அங்கேயே கிடக்கட்டும், யார் திருடினாலும் அவனுக்குத்தான் ஆபத்து. நீ இருக்கும் மலைக்கு பஸ் இருக்கிறது, அந்த வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி வரும், ஜன்னல் பக்கம் உட்காரவை. நான் ஸ்கேனரோடு அடுத்த ரயிலில் வருகிறேன், வந்து கத்தமாட்டேன்.

என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும். வேளாவேளைக்குச் சாப்பிடு. கடைசியாக ஒன்று. இது சமாதானக் கடிதம் என்று நம்பித்தான் அம்மா இதை ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவருகிறாள். நீ படிக்கும்போது எதிரில் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், எங்கே சிரிக்கிறாய் என்று. அதனால் எப்படியாவது கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகு போய்ச் சாவியைத் திருப்பு.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
அப்பா