பொதிக்குள் கைவிட்டுப் பார்த்தேன்

14.7.99, புதன்

பஞ்சு ஸ்டாக் புரோகிராமை எதில் எழுதுவது என்று இன்று முடிவு செய்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஸ்டெல்லா பொண்ணு இரண்டு மாதிரி எழுதிக் கொண்டுவந்தது. ஒன்று பெர்ல் என்ற கம்ப்யூட்டர் பாஷையில், மற்றது பிஎச்பி என்ற பாஷையில். இரண்டும் இலவசம், யாரும் திறந்து மாற்றலாம்.

"பெர்ல்தான் கெட்டி அண்ணாச்சி" என்றது.

மேல்பஞ்சைப் பார்த்து நான் பொதி வாங்குவதில்லை, நடுவில் கைவிட்டு இழுத்துப் பார்ப்பேன். போன வருஷம் ஒரு மதுரைக்காரன் எழுதிக் கொடுத்த புரோகிராம் நின்றது, ஆளும் ஓடிவிட்டான். அதைத் திறக்க யாராலும் முடியவில்லை.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் முருகேசனைக் கூப்பிட்டு, இரண்டிலும் ஒரு வரி மாற்றச் சொன்னேன். பெர்லில் முழித்தான். பிஎச்பியில் செத்த நேரத்தில் முடித்தான்.

ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னைய நம்பலையா?"

"நம்புதேன் தாயி. நீ கல்யாணமாகிப் போன பொறவு இத யாரு பாத்துக்கிடுவா?"

சிரித்துவிட்டது.

பிஎச்பிதான். தீபாவளிக்குள் ஸ்டெல்லா முடிக்கணும். எழுதிய அத்தனை வரியும் பிளாப்பியில் என் கைக்கு வரணும். அதற்குக் கூலி எட்டாயிரம் ரூபாய்.