சாயிப்பின் கல்லறைப் படம்

மாதா துணை

பொழியூர்,
24.9.2025

என் உயிரான மகன் சிபினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கை ஜிஷாவும் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் படுக்கையில் விழவில்லை. நார்வேயில் உனக்கும், உன் அப்பாவின் அக்காளான உன் மாமிக்கும் மாதா நல்ல உடம்பைத் தரட்டும்.

தினமும் போனில் பார்க்கிற அம்மாவுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் உன் முகத்துக்குப் பக்கத்திலேயே மாமியின் முகமும் வருகிறது. "லில்லி, லில்லி" என்று கை காட்டுகிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியாது. நீ சின்ன வயதில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நீரோடியில் என் அண்ணன் வீட்டில் நின்று தமிழ் படித்தது நல்லதாகப் போயிற்று. ஜிஷாவுக்கு மலையாளம் மட்டுமே வாசிக்கத் தெரியும் என்பதால் அவளைப் பற்றியும் தைரியமாக எழுதலாம். அவள்தான் நெய்யாற்றின்கரைக்கு வேலைக்குப் போகும்போது இதைத் தபாலில் சேர்ப்பாள்.

அவள் ஒரு மாதமாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சோறு போட்டால் தின்கிறாள், பாத்திரத்தைக் கழுவி வைக்கிறாள், பஸ்ஸுக்கு ஓடுகிறாள். காரணம் என்ன என்று போனில் கேட்டாயே, இந்தக் கடிதம்தான் காரணம். இதை எழுதாமல் நான் தள்ளிக்கொண்டே போனேன், அதற்குத்தான் அந்தக் கோபம்.

கடல் இந்த இடவப்பாதி மழையில் சமையலறைச் சுவர் வரைக்கும் வந்து அதை இடித்துவிட்டது. பின்பக்கம் நின்ற இரண்டு தென்னையும் போயிற்று. இப்போது முன் அறையில் அடுப்பு வைத்திருக்கிறேன், புகையில் அப்பாவின் படமெல்லாம் கறுத்துப் போகிறது. கடலைத் தடுக்கக் கல் போடுவோம் என்று ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். அளக்க மட்டும் வருஷம் தவறாமல் வருகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், மக்கா. உட்கார்ந்து வாசி.

மாமி கல்லறைத் திருநாளுக்கு இங்கே வருகிறார், டிக்கெட் எடுத்தாயிற்று என்று நீ சொன்னாய். தன் அப்பாவின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, நார்வேக்குக் கொண்டுபோய்த் தன் அம்மாவின் பக்கத்தில் வைக்கப் போகிறார் என்றாய். எடுத்த குழி வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்று அம்மாவின் கல்லறையிலிருந்து மண் கொண்டுவருவாராம். நீயும் பெரிய மனுஷன் மாதிரி, "அதெல்லாம் எளிது, எங்க ஊரில் சில வருஷம் கழிந்தால் தோண்டி எடுத்து அஸ்திக்கிணற்றில் போடுவது வழக்கம்தானே" என்று அவரிடம் சொல்லிவிட்டாய். வழக்கம் நீ சொன்னதுதான். ஆனால் தோண்டுவதற்கு உன் தாத்தா அங்கே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் கடல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

உனக்குத் தெரியும், ஊரெல்லாம் சாயிப்பு என்று கூப்பிட்ட உன் வெள்ளைக்காரத் தாத்தா நம் சபையில் சேரவில்லை. படகு இஞ்சினோடு நார்வேயிலிருந்து கொல்லத்துக்கு வந்தவர், நார்வேயில் பெண்டாட்டியையும் நாலு வயது மகளையும் விட்டுவிட்டு இந்த ஊர்ப் பெண்ணோடு தங்கிவிட்டார். உன் அப்பா நார்பர்ட் பிறந்தார். மீனை மிளகில்லாமல் அவித்துத் தின்றார், மகளுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார், சாகும்வரை பூசைக்கென்று பள்ளிக்குள் கால் வைக்கவில்லை. அதனால் செத்தபோது கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. தூக்குப் போட்டுச் செத்தவர்களையும் சபையிலிருந்து விலக்கினவர்களையும் புதைக்கிற தெம்மாடிக்குழியில், மதிலுக்கு வெளியே, கடலைப் பார்த்த பக்கத்தில் புதைத்தார்கள். கடல் முதலில் தின்றது அந்தப் பக்கத்தைத்தான். காலையில் நான் போய்ப் பார்த்தபோது மண்ணும் இல்லை, சிலுவையும் இல்லை, கால் வைக்க இடமும் இல்லை. தண்ணீர் நின்றது.

அந்தச் செய்தியை நான் உனக்குச் சொல்லவில்லை. மாமிக்கும் சொல்லவில்லை.

ஏன் என்று கேள். உன் அப்பா போன மறுவருஷம் மாமி உன்னைக் கூப்பிட்டுத் தன் வீட்டில் வைத்தார். உன் வேலை, உன் விசாக் காகிதம், நீ படுக்கிற கட்டில், எல்லாம் அவர் தயவு. தாத்தா செத்ததிலிருந்து உன் அப்பா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி, பாறசாலை ஸ்டூடியோவிலிருந்து ஆளைக் கூட்டிவந்து படம் பிடித்து அக்காளுக்கு அனுப்புவார். அவரும் கிறிஸ்துமசுக்கு அட்டை அனுப்புவார், அவர்கள் ஊர் வழக்கப்படி பாயசத்தில் ஒரே ஒரு பாதாம் பருப்பு போட்டு வைக்கச் சொல்லி எழுதுவார். நாமும் ஒரு முந்திரியைப் போட்டு, அது யாருக்குக் கிடைக்கிறது என்று அடிபிடி போட்டோம். முகம் பார்க்காத அந்த அக்காளும் தம்பியும் ஒரு கல்லறைப் படத்தை வைத்துத்தான் நாற்பது வருஷம் உறவு நடத்தினார்கள். அந்தக் கல்லறையே இல்லை என்று சொன்னால், இந்த உறவு எதற்கு என்று அவர் நினைத்துவிட்டால், நீ எங்கே போவாய்? இதுதான் என் பயம். அப்போது அது பெரிய புத்தியாகத் தெரிந்தது.

உன் அப்பா போனபின் படம் அனுப்புவது என் வேலையாயிற்று. கடல் கல்லறையைக் கொண்டுபோன அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு தகரப் பலகையில் சாயிப்பின் பெயரை எழுதினேன். அதை உன் அப்பாவின் சிலுவையில், அவர் பெயர் மறையும்படி கட்டினேன். மெழுகுதிரி ஏற்றினேன். ஜிஷாவைப் படம் பிடிக்கச் சொன்னேன். "அம்மா, இது வேண்டாம், அப்பாவாக்கும் அது" என்றாள். "பிடிடீ, பிறகு அவிழ்த்துவிடலாம்" என்றேன். பிடித்தாள். மறுநாள் பலகையை அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் உன் அப்பாவுக்குத் திரி ஏற்றினேன். நாலு வருஷம் இப்படியே செய்தேன். நீ பார்த்த நாலு படமும் உன் அப்பாவின் சிலுவைதான், மக்கா. ஒரு தடவையாவது கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தமும் உண்டு, நிம்மதியும் உண்டு.

உன் அப்பாவின் குழியில் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். கடலுக்குப் போன வள்ளம் மட்டும் கரை ஒதுங்கி, பதினாறு நாள் காத்திருந்து, அவர் உடம்பு கிடைக்காமல், பூசை வைக்கிற அச்சனிடம் கெஞ்சி ஒரு பெட்டிக்கு இடம் வாங்கினோம். பெட்டியில் அவருடைய நீலச் சட்டையையும் ஜெபமாலையையும் வைத்தோம். நீதான் ஆணி அடித்தாய்.

மாமி தோண்ட வருகிறார் என்று நீ சொன்ன அன்றைக்கே, படத்தில் பார்த்த அந்தச் சிலுவையடியில்தானே தோண்டச் சொல்வார் என்று எனக்குப் பயம் வந்தது. குழி வெட்டுகிற பொன்னுதாஸைப் போய்ப் பார்த்தேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இதுக்கு எதுக்கு அக்கா கண்ணீர் விட்டுக் கரையணும்? அஸ்திக்கிணத்தில எலும்புக்கா பஞ்சம்? ஒரு தலையும் நாலு எலும்பும் எடுத்து அதுக்குள்ள வச்சா போதும். அந்த மதாம்மைக்கு என்ன தெரியும்?" என்றான். நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. "எப்ப வைப்பாய்?" என்று கேட்டேன். உன் அம்மாவை நீ நல்லவள் என்று நினைத்திருந்தால் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

போன திங்கட்கிழமை மத்தியானம், பள்ளியில் ஆளில்லாத நேரம், தோண்டினான். ஒரு அரிசிச் சாக்கில் எலும்புகளைக் கொண்டுவந்திருந்தான். நான் குடையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றேன். பெட்டிப் பலகை மக்கிப்போய்க் கை வைத்ததும் உதிர்ந்தது. சட்டை மக்கவில்லை, சிபின். பாலியெஸ்டர் ஆனதால் அப்படியே கிடந்தது. நிறம்கூட அதிகம் போகவில்லை. கழுத்திலிருந்து கீழ்வரை நான் போட்ட பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. உள்ளே ஆள் இல்லாமல் பொத்தான் மட்டும் போட்டிருந்தது.

ஏழு வருஷமாக நான் அங்கே போய்ப் பேசியிருக்கிறேன். உனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன், ஜிஷா ஒரு பையனைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன், சமையலறை போனதைச் சொன்னேன். உடம்பு இல்லை என்று தெரிந்துதான் பேசினேன், ஆனால் தெரிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. பொன்னுதாஸ் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து அந்தச் சட்டைமேல் கொட்டப் போனான். நான் கத்திவிட்டேன். "எடுலே அதை! எடு! அதும் யாருக்கோ அப்பனாக்கும்!" என்று கத்தினேன். அவன் பயந்துபோய்ச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடினான். நான் குழிக் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உன் அப்பா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன்.

பிறகு நானே கையால் மண்ணைத் தள்ளி மூடினேன். ஜெபமாலையை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணனுக்கு எழுது" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். இரண்டு நாள் கழித்து இன்றைக்கு எழுதுகிறேன்.

மகனே, இப்போது நான் கேட்பது இதுதான். இந்தக் கடிதத்தை நீ மாமிக்கு அவர்கள் பாஷையில் வாசித்துக் காட்ட வேண்டும். எதையும் விடாதே. பொன்னுதாஸையும் சாக்கையும்கூட விடாதே. நாசூக்காகச் சொல்கிறேன் என்று நீ எதையாவது மறைத்தால், அதுவும் இன்னொரு தகரப் பலகையாகிவிடும். நாலு வயதில் அப்பா விட்டுவிட்டுப் போன பிள்ளை அவர். எழுபத்தைந்து வயது வரைக்கும் அந்த மனுஷன் ஒரு இடத்தில் படுத்திருக்கிறார் என்று நம்பி, வருஷம்தோறும் என் புருஷனின் சிலுவையைப் பார்த்து அழுதிருக்கிறார். நான் அவரை ஏமாற்றினேன். மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவர்கள் பாஷையில் அதற்கு என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது, நீயே சொல்லிவிடு.

கோபத்தில் உன்னை வெளியே போகச் சொன்னால், எதிர்த்துப் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. முன் அறை இன்னும் நிற்கிறது. மூன்று பேர் படுக்கலாம். ஆறு வருஷமாக உன்னைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதால் எனக்கு அதில் பாதி சந்தோஷம்கூட வரும், அந்தப் பாவத்தையும் ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கோபம் வராவிட்டால், வரட்டும். கட்டாயம் வரட்டும். நான் அவரைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போகிறேன். இங்கேதான் உங்கள் அப்பா, இங்கேதான் உங்கள் தம்பியும் என்று தண்ணீரைக் காட்டுகிறேன். எனக்கு அதற்குமேல் காட்ட ஒன்றும் இல்லை. அவர் தம்பியின் பெண்டாட்டி நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று மட்டும் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடு, மற்றதைச் சொல்லத் தைரியம் வரும்வரை காத்திருக்காதே. அவருடைய அம்மாவின் கல்லறையில் மண் எடுக்க வேண்டாம். ஒரு பிடிகூட எடுக்க வேண்டாம். இங்கே கொண்டுவந்தால் அதுவும் தண்ணீரில்தான் போகும். அந்த அம்மாளாவது, புதைத்த இடத்தில், முழுசாக இருக்கட்டும்.

உன்னை மாதாவின் கையில் ஒப்படைத்து முத்தமிடும்,
உன் அம்மா
லில்லிக்குட்டி நார்பர்ட்