பரோட்டா மாஸ்டருக்கு நடைப் பரிசு

புதன்கிழமை

எங்கள் ஹோட்டலின் நடைப் போட்டியில் ஜெயித்தவர் பரோட்டா மாஸ்டர்; உண்மையில் அதிகம் நடந்தவர் அவர் இல்லை என்று இன்று நான் சொல்லவில்லை. ஊழியர் நலத்துக்காகக் கையில் கட்டிக்கொள்ளத் தந்த, நடக்கும் அடிகளை எண்ணும் பட்டை, அவர் மாவை வீசும் ஒவ்வொரு வீச்சையும் ஓர் அடியாக எண்ணிவிட்டது. ஊக்கு குத்திய செருப்போடு மாடி மாடியாக ஏறி அறைகளைக் கூட்டித் துடைக்கும் சரசக்கா, நனைந்துவிடும் என்று பட்டையைக் கழற்றியே வைத்திருந்தார். பரிசு, நடப்பதற்கான ஷூ. மாஸ்டர் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு, பரிசுப் பதிவேட்டில் அவர் பெயரையே எழுதினேன்.

"ஏனுங்க மாஸ்டரு, கல்லுக்கு முன்னால நின்னுக்கிட்டே ஊரச் சுத்தீட்டீங்களாக்கு?" என்றார் சரசக்கா.

"ஆமாங்க்கா, ஊட்டி வரைக்கும் போயிட்டு வந்தேன்," என்ற மாஸ்டர், என் பக்கம் திரும்பினார். "அம்மணி, ஷூ சைஸு ஆறுன்னு எழுதிக்குங்க."

அவர் கால் பத்துக்குக் குறையாது. எழுதிக்கொண்டேன்.

மாலையில் ஷூ வந்தது. சரசக்கா அதைப் போட்டுக்கொண்டு வேலம்பாளையம் பஸ் ஏறினார்.