தரையில் சொட்டாத தண்ணீர்

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அத்தையும் நலம். நீங்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போன இந்த நாலு மாதத்தில் உங்கள் அம்மா ஒரு நாள்கூட உங்கள் கட்சி பேசவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டையாகிறது, கடிதமே போடலாம் என்றீர்கள். ஆனால் நீங்களும் எழுதவில்லை. இப்போது வண்டியால் நான் எழுத வேண்டியதாயிற்று.

பிக்கப்பில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ஓட்டி வந்து நிறுத்தினால் இனிப்பாக ஒரு வாடை. ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸ் முனையில், கிளிப்பைச் சுற்றி, வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்குள் துவைத்த விரிப்புகள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வண்டி நின்றால் என் சலவைத் தொழிலும் நின்றுவிடும்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம். மெக்கானிக் பெண்டாட்டி இங்கே வந்து நிற்கிறாளே என்று உங்களைத்தான் கேலி செய்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. “உனக்கு ஓட்டத்தான் தெரியும், வண்டியப் பத்தி என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டுத்தானே கிளம்பினீர்கள். தெரியாது. அதனால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வண்டிக்காரி

ஜூன் 9

என் வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன்.

ஹோஸ் முனையில் இருப்பது பழைய கறை, அதை விடு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வை. காலையில் ஈரம் எங்கே என்று பார். தினமும் கிளம்புமுன் தண்ணீர் ஊற்று. இன்ஜின் ஆறாமல் மூடியைத் திறக்காதே, கை வெந்துவிடும். சூடு காட்டும் முள் பாதிக்கு மேலே ஏறினால் ஓரம் கட்டிவிடு.

பார்த்ததை விவரமாக எழுது. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் வீட்டுக்காரன்

ஜூன் 14

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று நாளாக அட்டை காய்ந்து கிடக்கிறது. பூனைதான் அதில் படுத்துத் தூங்குகிறது. அத்தைக்கு வலி குறைந்திருக்கிறது. நான் சாப்பிடுகிறேன். நீங்கள்?

வண்டிக்காரி

ஜூன் 18

என் வாயாடிக்கு,

அப்படியானால் ரேடியேட்டர் மூடியாக இருக்கலாம், மாற்றிப் பார். அதற்கும் நிற்காவிட்டால் வாட்டர் பம்ப். அது எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது. கொஞ்சம் நீளமாகவே எழுது.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 26

மெக்கானிக் அவர்களுக்கு,

மூடி மாற்றினேன், பம்பையும் பார்த்தேன். அங்கே ஈரமே இல்லை. நேற்றுக் காலை மேம்பாலத்தில் முள் சரசரவென்று ஏறியது, போனட்டிலிருந்து ஆவி. நாற்பது விரிப்புகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டி ஆறும்வரை ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து நானே பிரித்தேன். நீங்கள் போட்ட கிளிப்தான். ரப்பருக்குள் பதிந்து அதை அறுக்கும் அளவுக்கு முறுக்கியிருக்கிறீர்கள். சூடேறியதும் அந்தக் கீறல் வழியாகக் கசிந்து, இன்ஜின் மேலேயே காய்ந்திருக்கிறது. பிறகு எப்படித் தரையில் சொட்டும்? அறுந்த முனையை விரற்கடை அளவு வெட்டிவிட்டு ஹோஸை மறுபடி செருகினேன். கிளிப்பை அளவாகத்தான் முடுக்கினேன். தண்ணீர் ஊற்றி, குமிழி அடங்கும்வரை மூடியைத் திறந்தே இன்ஜினை ஓடவிட்டேன். இன்று மூன்று நடை போய் வந்தேன். தண்ணீர் அப்படியே இருக்கிறது.

முதல் கடிதத்திலேயே கிளிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். இருபது வருட மெக்கானிக்குக்கு அது தெரியாமல் போகுமா? உண்மையை எழுதுங்கள்.

ஜூன் 30

அன்புள்ளவளுக்கு,

தெரிந்தது. உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோதே தெரிந்தது.

கிளம்பிய அன்று கோபத்தில்தான் இருந்தேன். ஆனாலும் வண்டி உன்னை நடுவழியில் விட்டுவிடக் கூடாதென்று விடிகாலையில் எழுந்து புது கிளிப் போட்டேன். கோபம் கையில் இருந்திருக்கிறது, கூடுதலாக முறுக்கிவிட்டேன். அதை ஒப்புக்கொண்டால் நீ ஒரே நாளில் சரிசெய்துவிடுவாய். அதற்குப் பிறகு எனக்கு ஏன் எழுதப் போகிறாய்? அதனால்தான் அட்டை, மூடி, பம்ப் என்று இழுத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றினால் தாங்கும் என்று நினைத்தேன். நீ வெயிலில் நின்றதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

தப்பு என்னுடையது. உனக்கு வண்டி தெரியாது என்று சொன்னதும் தப்பு.

நான் வரலாமா?

ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று நாள் உங்கள் கடிதத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டினேன். அத்தையும் சேர்ந்துகொண்டார். நான் எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் “எழுது” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குப் போய் இன்ஜினைக் கொதிக்க விடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வாருங்கள். நான் வண்டியோடு வந்து நிற்பேன். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் திட்டிக்கொண்டேதான் ஓட்டுவேன். நீங்கள் பதில் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும்.

அதற்குப் பயந்து வராமல் இருந்துவிடாதீர்கள். என்னால் இதற்கு மேல் தனியாக இருக்க முடியவில்லை.

உங்கள்
வாயாடி