நிற்கட்டுமா, ஓடட்டுமா

மார்கழி 10, செவ்வாய்

பனி. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கே.கே. நகர் ஆபீஸுக்கு லேட். வாங்க வேண்டியவை: கோலப்பொடி, அம்மாவுக்கு இருமல் மருந்து.

வளைகுடா வங்கி ஒன்றின் மெயின்பிரேம், கணக்கெல்லாம் ஓடும் பெரிய கம்ப்யூட்டர், எங்கள் பொறுப்பில். யார் உள்ளே வந்தார், எதைத் தொட்டார், எந்தக் கணக்கு எப்போது மாறியது, எல்லாவற்றையும் அது தானே பதிந்துகொண்டு போகும். அதற்கு மூன்று கோப்புகள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தாவும். நிரம்பியதை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிட்டுக் காலி செய்ய வேண்டும். நகல் நின்றுபோய் மூன்றும் நிரம்பினால் மெமரி கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் நிரம்பினால் இரண்டே வழி. மெஷினை நிறுத்துவது, அல்லது பதிவு போனால் போகட்டும் என்று ஓட விடுவது.

எது என்று நான் எழுதித் தர வேண்டும். மேனேஜர்: "உங்க பேர்லதான் போகும். யோசிச்சு எழுதுங்க." அதாவது, ஏதாவது ஆனால் என் தலை. டீம் லீட் யார் என்று தை மாதம் முடிவு செய்கிறார்கள். அது எனக்கு வேண்டும். இங்கே பொய் எதற்கு.

மார்கழி 11, புதன்

கோலப்பொடி மறந்தேன். அம்மா வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்தாள்.

டீ குடிக்கும்போது ஜாகிர் பாயைக் கேட்டேன். பக்கத்து சீட். மலைக்கோட்டைப் பக்கம் வீடு.

"மெஷின் நின்னா ஊரே கத்தும்ங்க. பதிவு போனா ஒருத்தரும் கத்த மாட்டாங்க. போனதே தெரியாது. நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"நிறுத்துன்னுதான்."

"எழுதுங்க. திட்டு விழுந்தா பாதி எனக்கு."

எழுதியாயிற்று. கூடவே ஒரு வரி: நின்றுபோனால், மெமரியில் தங்கிய பதிவை முழுசாக நகலெடுக்காமல் மெஷினைத் திரும்ப ஏற்றி ஓட்டக் கூடாது. அனுப்பிவிட்டேன்.

மார்கழி 13, வெள்ளி. வைகுண்ட ஏகாதசி

லீவு. பெருநாளுக்குப் பாயின் வேலையை நான் பார்ப்பேன், ஏகாதசிக்கு என் வேலையை அவர். வருஷக்கணக்காக இப்படித்தான்.

போனை வீட்டில் வைத்துவிட்டு அம்மாவோடு கோவில். வரிசை நகரவே இல்லை. வெளியே வந்த ஒரு மாமி: "ஒரு க்ஷணம்தான் பெருமாள் சேவை ஆச்சு. போறும்டியம்மா." எங்களுக்கும் அவ்வளவுதான். அம்மா அழுதாள். மதியம் தாண்டி வீடு. போனில் வரிசையாக ஆபீஸ் நம்பர்.

மெஷின் நின்றுவிட்டது.

ஏகாதசி வெள்ளிக்கிழமையில் விழுந்ததை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வெள்ளி மதியம் பாய் ஜும்மாவுக்குப் போவார், நான் சீட்டில் இருப்பேன். இன்று நான் கோவில் வரிசையில், அவர் பள்ளிவாசலில். அந்த நேரம் பார்த்து நகல் போகிற டிஸ்க் நிரம்பியிருக்கிறது. எச்சரிக்கை வந்துகொண்டே இருந்திருக்கிறது, பார்க்க ஆளில்லை.

பட்டினியோடு ஆபீஸுக்கு ஓடினேன். பாய் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மேனேஜர். "உடனே ஏத்துங்க, பாய்."

"மெமரிய நகலெடுத்துட்டுத்தாங்க ஏத்துவேன்."

அதற்கு வேறு தனியாக நேரம் பிடித்தது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை. சாயங்காலம்தான் ஏறியது. பதிவு ஒன்றுகூடப் போகவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

மார்கழி 14, சனி

துவாதசி. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. ருசி தெரியவில்லை.

மேனேஜர் போன். திங்கட்கிழமைக்குள் 'ஓடட்டும்' என்று மாற்றி எழுதித் தர வேண்டுமாம். "இல்லேன்னா தை மாசம் உங்க பேரை நான் எப்படிங்க சொல்றது?" நியாயம் பேசுவது போலவே மிரட்டுவார். எரிச்சல்.

ஆனால் நின்றது உண்மைதானே. எத்தனை பேர் ஏடிஎம் வாசலில் நின்றார்களோ. மாற்றினால் என்ன குடியா முழுகிவிடும்? மெயில் பாதி அடித்து வைத்தேன்.

மார்கழி 16, திங்கள்

வெயில் நன்றாக வந்துவிட்டது. பாதி மெயிலைத் திறந்து வைத்திருந்தேன். ஜாகிர் பாய் வந்து உட்கார்ந்தார். அவர் தம்பி வளைகுடாவில் டிரைவராம். கணக்கு அதே வங்கியில். இத்தனை நாள் சொன்னதில்லை.

"வெள்ளிக்கிழமை ஏடிஎம்ல நின்னானாம். எந்த மடையன் நிறுத்தினான்னு போன்ல கத்துறான்."

"என்ன சொன்னீங்க?"

"நாங்கதாண்டா நிறுத்தினோம்னேன். பதிஞ்சு வைக்க இடமில்லை, பதியாம ஓட்டக் கூடாதுன்னு நிறுத்தினோம்னேன்."

"அதுக்கு?"

"என் கணக்குல எதுவும் விட்டுப்போகலையேன்னான். இல்லடான்னேன். அப்ப சரி, நான் நின்னுக்கறேன்னு போனை வெச்சுட்டான்."

பாதி மெயிலை அழித்தேன். புதிதாக: 'நிறுத்து' அப்படியே இருக்கட்டும். வெள்ளி மதியத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அனுப்பிவிட்டேன். மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டிருக்கிறார். பாயும் எழுந்து வருகிறார், யாரும் கூப்பிடாமலே.