டோப்பாவில் வைத்த பிச்சிப்பூ

மக்கா,

இன்று கோட்டாறில் பஸ் ஏறினால், முன்சீட்டுக்காரியின் கொண்டை நிறையப் பிச்சிப்பூ. என் மூக்கு சும்மா இருக்குமா? உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. டிக்கெட் எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

உன் பிச்சிக்கொடி வேர்விட்டது உன் பக்கம், பூத்தது என் பக்கம். "ஏட்டி, எனக்க பூவைப் பறிச்சு உனக்க எலிவாலுல வைக்க வெக்கமா இல்லியா?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கத்துவாய். உனக்கென்ன, இடுப்பைத் தாண்டிய முடி. சாயங்காலம் மொட்டைப் பறித்து, வாழைநாரில் நெருக்கிக் கட்டி நீ வைத்துப் போனால் தெருவே திரும்பும். எனக்குள்ளே புகையும்.

பிறகு நெய்யூர் ஆஸ்பத்திரியில் புற்றுக்கு மருந்து ஏற்றினார்கள். அத்தனை முடியும் கொட்டியது. "முடி போனாப் போட்டுட்டி. மகளுக்க கல்யாணத்துல பூ வைக்காம எப்பிடி நிப்பேன்? பாக்கவ எல்லாம் உச்சுக் கொட்டுவாளுவ" என்று அன்றுதான் அழுதாய்.

அதற்காக வாங்கியதுதான் அந்த டோப்பா. கல்யாணத்தன்று காலையில் சரம் சரமாக வைத்துவிட்டேன். உனக்குப் போதவில்லை. "இன்னும் வையிட்டி, மாப்பிள்ளைக்க அம்மைக்கு என்னைவிடக் கூடுதல் இருக்கு." மண்டப வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் தந்த பூவையும் சொருகினேன். அவ்வளவு கனத்தை அந்தச் சீவன் தாங்குமா? தாலி கட்டும் நேரம், குரவையிட நீ அண்ணாந்தாய். டோப்பா பூவோடு சரிந்து, பின்னால் நின்ற என் கையில் விழுந்தது.

நான் அதைத் திரும்ப மாட்டப் பாய்ந்தேன். நீயோ மொட்டைத் தலையை ஒரு தடவு தடவிவிட்டு, "சவத்தை அங்கண வையிட்டி, பூவை மட்டும் தா" என்றாய். சரத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மறுபடி அண்ணாந்து இட்டாயே ஒரு குரவை! உச்சுக் கொட்டத் தயாரான வாயெல்லாம் உன்னோடு சேர்ந்து குரவையிட்டன. மாப்பிள்ளையின் அம்மை தன் கொண்டையிலிருந்து ஒரு துண்டு கிள்ளி, "சம்மந்தி, மத்தக் கையி சும்மா கெடக்கே" என்று சுற்றிவிட்டாள். மணவறையில் உன் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த வருஷப் பூவுக்கு நீ இல்லை. கொடி மட்டும் இன்னும் என் பக்கமே பூக்கிறது, கத்துவதற்குத்தான் ஆளில்லை.

இன்று கண்டக்டர் பையன் என் மணிக்கட்டில் சுற்றிய சரத்தைப் பார்த்து, "யக்கா, பூவைத் தலையில வைக்க மறந்துட்டியளா?" என்றான்.

"இல்ல மக்கா, எனக்க கூட்டுக்காரி காட்டித் தந்த இடம் இதுதான்" என்றேன்.

கிறுக்கி என்று நினைத்திருப்பான். நீ இருந்திருந்தால், ஆமாம் என்று சத்தியமே செய்திருப்பாய்.