ஜப்பான் பாட்டி வெட்டிய பிலாவிலை

நான் அப்போதே சொன்னேன். இந்தப் பிலாவிலை உலகத்தையெல்லாம் சுற்றிவிட்டு என் வாசலிலேயே வந்து விழும் என்று, திருவட்டாறு பஸ் ஸ்டாப் டீக்கடையில் நாலு பேர் சாட்சியாகச் சொன்னேன். டீ கிளாஸை ஊதிக்கொண்டே நீர், "உமக்க வாயி போற போக்குக்கு விழத்தான் செய்யும் வே" என்றீர். விழுந்துவிட்டது. இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மூத்த மகளின் மாமியார் வழியாக, பலமுறை அனுப்பப்பட்டது என்ற இரட்டை அம்புக்குறியோடு வந்து விழுந்தது.

அதே வீடியோதான். ஒரு கை பிலாவிலை ஒன்றை, பலாமரத்து இலையைத்தான், சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறது. இலையின் நடுவில் பிளேடால் வெட்டியெடுத்த கடற்கரை. ஒரு வள்ளம், ஒரு வலை, வலையை இழுக்கிற ஆறு பேர். வெட்டிய இடத்திலெல்லாம் வெயில் நிறைந்து, ஆறு பேரும் வெளிச்சத்தால் செய்ததுபோல நிற்கிறார்கள். கீழே எழுத்து: ஜப்பானைச் சேர்ந்த கனகாமி பாட்டி, வயது நூற்றிரண்டு, இரண்டு கண்ணும் தெரியாது, வாழ்த்த மனம் இல்லாதவர்கள் கடந்து போகலாம். நம் குழுவில் வந்தபோது பாட்டிக்கு வயது எண்பத்தாறு. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. நடுவில் எவனோ பதினாறு வயதைக் கூட்டிக் கண்ணையும் பிடுங்கிவிட்டான். பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

வீடியோ முடிவதற்குள் உம்மேல் பழைய கோபம் ஏறிவிட்டது. நீர் போய் பதினொரு மாதமாகிறது. செத்தவரைப் பற்றி நல்லது எழுத வேண்டுமாம். அதையெல்லாம் உம்முடைய படம் போட்ட போஸ்டரிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். நேர்மையின் சிகரம் என்று போட்டிருந்தது. சிகரத்தோடு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இருபது வருடம் டீ குடித்தவன் நான். எனக்குத் தெரியும், சிகரம் எவ்வளவு முள் என்று.

அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியது நீர் என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும். 'கண்ணுக்கு விருந்து' என்று பெயர் வைத்தது நான். ஆள் சேர்த்தது நான். அட்மின் ஆனது மட்டும் நீர். மைக்செட்டோடு ஊர் ஊராய்ப் போகிறவனுக்கு அழகு எது என்று தெரியாதா? பத்தாம் வகுப்பை நான் தாண்டவில்லை என்றால் அதற்குக் காரணம் கணக்கு வாத்தியாருக்கு என்மேல் இருந்த பொறாமை. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆற்றுக்குள் கல்மேல் கல்லை ஒற்றை முனையில் நிறுத்துகிற கிழவரை நம் ஊருக்குக் காட்டியது யார்? சைக்கிள் செயினில் ஒட்டகம் செய்கிறவனை? ரொட்டித் துண்டில் ஊசி நூலால் பூ தைக்கிற பெண்ணை? ஒவ்வொரு விடியலிலும் ஊர்க்காரர்கள் என் முகத்தில் விழிப்பதுபோல என் வீடியோவில் விழித்தார்கள்.

நீர் மட்டும் ஒருநாளும் நல்லாயிருக்கு என்று எழுதியதில்லை. முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்ற காலும் வாயும் உமக்கு. "செஞ்சவனுக்க பேரு எங்க? ஊரு எங்க? பேரில்லாம எவன் படத்தையும் ஏத்தாதீரும் வே. இறக்கி விட்டுருவேன்." இதுதான் நீர் எனக்குத் தந்த பாராட்டு. வந்த வீடியோவை நான் போனில் சேமித்துப் புதிதாக ஏற்றி அனுப்பினால் அம்புக்குறி மறைந்துவிடும், கண்டெடுத்தவன் நானே என்று தெரியும். என் மூளையில் உதித்த வழி அது. அதையும் கண்டுபிடித்து, "நேத்தைக்குள்ள டிக்கெட்ட இஸ்திரி போட்டுக் கொண்டு வாறாரு ஓய்" என்று அறுபது பேர் முன்னால் எழுதினீர். டீக்கடைக்காரன் இன்றுவரை என்னை இஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறான்.

கனகாமி பாட்டியை நான் ஏற்றிய அன்று, குழுவே பூவும் கையெடுப்புமாக நிறைந்தது. பேர் இருந்தது, ஊர் இருந்தது, வயதுகூட இருந்தது. இறக்கி விட உமக்கு வழியில்லை. இரண்டு நாள் நீர் டீக்கடைப் பக்கம் வரவில்லை, எனக்கும் சோறு ருசியாக இறங்கியது. மூன்றாம் நாள் டீக்கடைக்கு வந்தீர். போனில் அந்தக் கையைப் பெரிதாக்கி என் மூக்குக்கு முன் நீட்டினீர்.

"இந்த வெரலப் பாரும்."

"பாத்தாச்சு. கறுப்பா இருக்கு. ஜப்பான் மை. அங்க எல்லாரும் தூரிகையிலதான் எழுதுவாவ" என்றேன்.

"மையி தொலியைப் பொரிக்காது வே. இது அண்டிக் கறை. எனக்க அம்மைக்க வெரலு சாவுதது வரைக்கும் இப்பிடித்தான் இருந்துது."

முந்திரிக்கொட்டையை நாம் அண்டி என்போம், அதை உடைக்கிற ஆலை அண்டி ஆபீஸ். உடைக்கிற பெண்களின் விரல் நுனியை அதன் தோட்டில் வடிகிற பால் கருக்கிவிடும், எந்த சோப்புக்கும் போகாது. இது எனக்கும் தெரியும். நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதோடு விட்டீரா? பென்ஷன்காரருக்கு வேறு வேலை ஏது? பஸ் பஸ்ஸாக ஏறி அண்டி ஆபீஸ் வாசல்களில் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றிருக்கிறீர். நாலாவது வாசலில், சிதறால் மலைக்குக் கீழே, ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர். மறுநாளே, வேலை இருக்கிறது என்றவனை விடாமல், என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்.

ஜெயசீலி. நாற்பது வயது இருக்கும். ஆபீஸுக்குப் பின்னால் நிற்கிற பிலாமரத்தின் கீழே, மற்றப் பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, இவள் பாதிப் பிளேடை விரலிடுக்கில் பிடித்து இலையில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். உம்மைக் கண்டதும் எழுந்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவருதானா சாரே?"

"இவருதான்" என்றீர், பிக்பாக்கெட் பிடித்தவரைப்போல.

அவள் இரண்டு கையையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். "அண்ணே, அந்தப் பாட்டிக்கு எனக்க கையி எப்பிடி வந்து?"

அடுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் மீதியைச் சொன்னாள். வீடியோ எடுத்தது அவள் வீட்டுக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் வைத்து. நாலு பேருக்கு அனுப்பினாராம். "அது தேங்காப்பட்டணம் கரை அண்ணே. நான் பெறந்த எடம். கடைசியா குனிஞ்சு நிக்கது எனக்க அப்பன்." நம் ஊர் வாசகசாலை ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு இருபது இலை வெட்டிக் கண்ணாடிக்குள் வைத்துக் கொண்டுபோய் இடம் கேட்டிருக்கிறாள். "ஜப்பான் பாட்டியைப் பாத்துக் காப்பியடிச்சதுன்னு சொல்லிட்டாவ. போன்ல காட்டித் தந்தாவ. எனக்க அப்பனை நானே காப்பியடிச்சேனாம்." அப்போது அவள் சிரிக்கவில்லை.

என்மேல் என்ன தப்பு? சவுதியில், தம்மாமில் இருக்கிற என் மச்சான் அனுப்பினான், பேரோடும் வயதோடும்தான் வந்தது, வந்ததை ஏற்றினேன் என்று அவளிடம் தெளிவாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நீர் ஆட்டவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தீர்.

"உமக்க மச்சானுக்கு ஜப்பான்ல ஆரு வே இருக்கா?"

"உலகம் சுத்தி வரும் ஓய். நீரு திருவட்டாறு மார்த்தாண்டம் ரூட்டுல மட்டும் சுத்தினவரு. உமக்கு எங்க வெளங்கும்?"

"ஒரு வரி எழுதும். பேரு நான் போட்டது, தப்புன்னு எழுதும். வாசகசாலை செக்ரட்டரி நம்ம குழுவுலதான் இருக்காரு. நாளைக்கே அந்தப் பிள்ளைக்கு ஒரு மேசை கிடைக்கும்."

"செய்யாததை எதுக்கு வே எழுதணும்?" என்றேன்.

அன்று மாலையே நீர் குழுவில் எழுதினீர். கனகாமி என்று ஒருத்தி கிடையாது, அந்தப் பெயரைப் போட்டது நம் நண்பர்தான், அவர் ஒத்துக்கொண்டால் ஒரு பெண்ணுக்கு அவளுடைய கை திரும்பக் கிடைக்கும் என்று. அறுபது பேர் படிக்க. என் மருமகன் படிக்க. நான் கொதித்தேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். என்னைப் பொய்யன் என்றவர் மன்னிப்புக் கேட்காவிட்டால் இந்தக் குழு இரண்டாகும் என்றேன். பாதிப்பேர் என் பக்கம். மைக்செட் வாடகைக்கு எல்லாருக்கும் தேவைப்படுகிறது அல்லவா?

நீர் தம்மாமுக்கே போன் போட்டீர். மச்சான், "அனுப்பியிருக்கலாம் அண்ணாச்சி, சரியா ஓர்மையில்லை" என்றான். அடுத்த நாள் குழுவில் உம்முடைய எழுத்து வந்தது: 'ஆதாரமில்லாமல் ஒருவரைப் பொய்யர் என்றேன். தவறு என்னுடையது. மன்னிக்கவும்.' கூடவே என்னை அட்மின் ஆக்கிவிட்டு நீர் வெளியேறிவிட்டீர்.

இதைத்தான் கேட்கிறேன். யார் உம்மை மன்னிப்புக் கேட்கச் சொன்னது? நான்தான் சொன்னேன். நான் சொன்னால் கேட்டுவிடுவதா? இருபது வருடத்தில் நான் சொன்ன எதை நீர் கேட்டிருக்கிறீர்? சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளும் என்றேன், கேட்டீரா? நெஞ்சு கரிக்கிறது என்கிறீரே, டாக்டரிடம் போம் என்றேன், கேட்டீரா? கேட்கக்கூடாத இந்த ஒன்றை மட்டும் கேட்டுத் தொலைத்தீர். இன்னும் ரெண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? யாருக்குத் தெரியும், நானே வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

ஆண்டுவிழாவுக்கு என் மைக்செட்தான். கண்காட்சியில் தீக்குச்சித் தேர் இருந்தது, முட்டையோட்டில் பொம்மை இருந்தது, நான்தான் ஒவ்வொன்றையும் அறிவித்தேன். ஜெயசீலி பெண்கள் வரிசையில் கடைசியில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு அடுத்த வாரம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த நீர் எழுந்திருக்கவில்லை. உம் வீட்டுக்கும் என் மைக்செட்தான் வந்தது. நான் ஆளை அனுப்பினேன், நான் வரவில்லை. அதையும் ஊர் பேசியது. பேசட்டும்.

நேற்று வாசகசாலை செக்ரட்டரி இந்த வருட விழாவுக்கு மைக் சொல்ல வந்தார். கண்காட்சிக்குப் பேர் கொடுத்தவர்கள் லிஸ்டை அறிவிப்புக்காக என்னிடம் தந்தார். ரெண்டு தடவை படித்தேன். அவள் பேர் இல்லை. கேட்டதற்கு, "அந்த ஜப்பான் கேசா? அவ இந்தத் தடவை கேக்கவே இல்ல" என்றார்.

உம்முடைய மன்னிப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. போன் மாற்றினேன், அதையும் மாற்றிக்கொண்டேன். அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை விரலை வைத்தேன், முடியவில்லை. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க நீர் இருக்கிறீரா? இல்லை. எப்போதும் இடைஞ்சல் செய்கிற ஆள், இதிலும் செய்துவிட்டீர்.

அதனால் இதைக் குழுவில் போடப்போகிறேன். செக்ரட்டரி படிக்கட்டும், மருமகனும் படிக்கட்டும். அந்த வீடியோ எனக்கு மைக்செட்காரர்கள் குழுவிலிருந்து வந்தது, பேரில்லாமல், ஊரில்லாமல். பேரில்லாமல் ஏற்றினால் நீர் இறக்கி விடுவீர் என்று நானே ஒரு பேர் கொடுத்தேன். மச்சான் எதையும் அனுப்பவில்லை. நீர் போன் போடுவதற்கு முன்னால் நான் போட்டுவிட்டேன். வெட்டியது ஜெயசீலி, சிதறால். கனகா என் பெண்டாட்டியின் பெயர். அதில் 'மி' சேர்த்தது மட்டும்தான் என் கைவேலை.